ரூத்தைத் தூக்கி வந்த மலைவழி

1

பாலம் போய் இந்த வெள்ளிக்கிழமையோடு ஒரு வருஷம். புதுப் பாலம் போட்டு மூன்று மாதமாகிறது. பழையதைவிட அகலம். ஆனாலும் அதன்மேல் காரை ஏற்றும்போது என் கால் தானாகவே வேகத்தைக் குறைத்துவிடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் மகள் கயல், "ஒண்ணும் ஆகாதும்மா" என்று ஆங்கிலத்தில் சொல்வாள். சொல்லிக்கொண்டே அவளும் சன்னல் வழியாகக் கீழே ஓடையை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்வாள்.

இதை எழுதச் சொன்னது என் அண்ணன் தங்கவேல். போன வாரம் போடியிலிருந்து கூப்பிட்டபோது சொன்னார்: "டிவியில மூணு நிமிசம் காட்டுனாங்க தாயி. அப்புறம் அவுக அவுக சோலியப் பாக்கப் போயிட்டாக. என்னதான் நடந்துச்சுன்னு நீயே எழுது. இங்க நாலு பேரு படிக்கட்டும்."

ஆகவே, போடி, சிலமலை, குரங்கணிப் பக்கத்து ஆட்களுக்கு, செல்வராணி எழுதுவது. பதினெட்டு வருஷமாக அமெரிக்காவில் இருக்கிறேன். வட கரோலினா மாநிலத்தின் மேற்கு ஓரத்து மலைப்பகுதி. கணவர் முருகேசன் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறார். நான் ஒரு சின்ன மருத்துவமனையில் பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பவள். இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் மலைதான். முதல்முதலாக இங்கே வந்தபோது, கொட்டகுடி தாண்டி ஜீப்பு ஏறும்போது வருமே, அந்த மாதிரி ஒரு காற்று முகத்தில் அடித்தது. இங்கேயே இருந்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன்.

எங்கள் வீட்டிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடலைப் பார்க்க ஐந்து மணி நேரமாவது கார் ஓட்ட வேண்டும். அதனால் புயல் என்பது கடற்கரைக்காரர்களின் கவலை என்று இருந்துவிட்டோம். போடியிலும் அப்படித்தானே இருந்தோம்? கடலூருக்குப் புயல், நாகப்பட்டினத்துக்குப் புயல். நமக்கு இரண்டு நாள் தூறல், அவ்வளவுதான்.

அந்தப் புயலுக்கு ஒரு பெண்ணின் பெயர் வைத்திருந்தார்கள். அதை இங்கே எழுத எனக்கு மனமில்லை. அது கரையைத் தாண்டி நாட்டுக்குள் வெகுதூரம் வந்து, எங்கள் மலையில் முட்டி நின்று, வைத்திருந்த தண்ணீரையெல்லாம் கொட்டியது. அதற்கு முன்பே இரண்டு நாள் மழை பெய்து மண் ஊறிப்போயிருந்தது. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் காபி போட எழுந்தபோது, வீட்டுக்குப் பின்னால் கருங்கல் லோடு இறக்குகிற மாதிரி சத்தம் கேட்டது. லாரிதான் வந்திருக்கிறது என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. கணுக்கால் நனைகிற எங்கள் ஓடை, வீடளவு பாறைகளை உருட்டிக்கொண்டு போகிற சத்தம் அது.

எங்கள் தெரு ஒரு மலைப் பள்ளத்துக்குள் இருக்கிறது. ஏழு வீடுகள், உள்ளே வர ஒரே வழி, ஒரே பாலம். எட்டரை மணிக்கு முருகேசன் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வாசலில் நின்றபடியே, "பாலம் இல்லை" என்றார். உடைந்துவிட்டதா என்று கேட்டேன். "உடைஞ்சிருந்தா உடைஞ்சது தெரியும்ல? அங்க பாலமே இல்ல ராணி" என்றார்.

பத்து மணிக்குள் மின்சாரம் போனது. போன் போனது. குழாயில் தண்ணீர் நின்றது. மத்தியானம் மழையும் நின்றது. வெயில் அடித்தது. அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது. ஒன்றுமே நடக்காத மாதிரி அப்படி ஒரு வெயில்.

2

அந்த வெயிலைப் பார்த்தவுடன் எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

குரங்கணிக்கு மேலே எங்கள் அப்பா கொஞ்சம் ஏலத்தோட்டம் குத்தகைக்குப் பிடித்திருந்தார். ஜீப்பு குரங்கணியோடு நின்றுவிடும். அதற்கு மேல் நடைதான். எனக்குப் பதினோரு வயது, தீபாவளி முடிந்த வாரம், பள்ளிக்கூடம் மழைக்காக லீவு விட்டிருந்தார்கள். அம்மாவோடு தோட்டத்துக் கொட்டகைக்குப் போயிருந்தேன். வங்கக் கடலில் உருவான ஏதோ ஒரு புயல் நாட்டுக்குள் ஏறி வந்து, எங்கள் மேட்டில் மூன்று நாள் பெய்தது. நாலாம் நாள் காலை இதே மாதிரி வெயில். பறித்து வைத்திருந்த காய் மூட்டை நனைந்துவிட்டதா என்று பார்க்க அம்மா வெளியே போனார். கொட்டகைக்குப் பக்கத்து மண் அப்படியே இறங்கியது. அம்மாவை இழுத்துக்கொண்டு போய்க் கீழே ஒரு மரத்தில் அடித்து நிறுத்தியது. தொடை எலும்பு முறிந்துவிட்டது.

அன்றைக்கு அம்மாவை டோலி கட்டித்தான் இறக்கினார்கள். தடித்த கம்பளி ஒன்று, தாம்புக் கயிறு, நீளமான ஒரு மரக்கம்பு. முன்னால் அப்பாவும் அண்ணனும். அண்ணனுக்கு அப்போது இருபது வயது. பின்னால் தோட்டத்தில் வேலை பார்த்த பாப்பச்சனும் அவருடைய தம்பியும். பாப்பச்சன் மலையாளி. வழி முழுக்க, "பதுக்கெ, பதுக்கெ, வழுக்கும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எதையோ பதுக்கி வைக்கச் சொல்கிறார் என்று நினைத்து நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். மெதுவாகப் போங்கள் என்பதற்கு மலையாளத்தில் அப்படிச் சொல்வார்கள் என்று ரொம்பப் பிற்பாடுதான் தெரிந்தது. அதற்குள் டோலிக்கு உண்டான சொல்லாகவே அது என் மண்டையில் ஏறிவிட்டது.

அம்மா வலியில் முனகினார். ஆனால் கீழ்த் தோட்டத்தைத் தாண்டும்போது கம்பளிக்குள்ளிருந்து சத்தம் வந்தது: "ஏலச்செடிய மிதிச்சுப்புடாதீக! பாத்து வாங்கப்பா!" அப்பாவுக்குச் சிரிப்பு வந்து கால் தடுமாறியது. பாப்பச்சன் வைதார்.

போடியில் எலும்பைச் சேர்த்து வைத்தார்கள். அதற்குப் பிறகு அம்மா இருபத்தாறு வருஷம் இருந்தார். கொஞ்சம் சாய்த்து நடப்பார், அவ்வளவுதான். அம்மா இறந்தபோது என் பாஸ்போர்ட் இங்கே ஒரு அலுவலகத்தில் முத்திரைக்காகக் காத்திருந்தது. நான் போக முடியவில்லை. அதைப் பற்றி எழுதினால் இந்தக் குறிப்பு வேறு பக்கம் போய்விடும்.

3

எங்களுக்கு அடுத்த வீட்டில் டேலும் ரூத்தும். கணவன் மனைவி இருவருக்கும் எழுபத்தைந்துக்கு மேல். டேல் மர வேலை செய்தவர், ஓய்வு பெற்றவர். ரூத்துக்கு நுரையீரல் கெட்டுப்போய் மூன்று வருஷமாக மூக்கில் குழாய். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி ஒன்று அவர் கட்டிலருகே எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். கரண்டு போனால் அது வெறும் பெட்டிதான்.

வெள்ளிக்கிழமை டேலின் ஜெனரேட்டர் ஓடியது. சனிக்கிழமை சாயங்காலத்தோடு அதற்கான பெட்ரோல் தீர்ந்தது. தெருவிலிருந்த கார்கள் இரண்டை ஓடை கொண்டுபோயிருந்தது, மற்றவற்றிலிருந்து உறிஞ்சியதும் தீர்ந்தது. பிறகு சிலிண்டர். ஞாயிறு காலை நான் போய்ப் பார்த்தபோது முழு சிலிண்டர் ஒன்றும் பாதி சிலிண்டர் ஒன்றும் இருந்தன. கணக்குப் போட்டால் அன்று மாலை வரை வரும்.

எதிர் வீட்டில் கோடி என்று ஒருவர். எண்ணிக்கையில் வருகிற கோடிதான், உச்சரிப்பு அதேதான். முப்பது வயதிருக்கும். பெரிய வண்டி, பெரிய தாடி. நாலு வருஷத்தில் நாங்கள் அவரோடு பேசியது மொத்தம் நாலு வாக்கியம் இருக்காது. அவர் சனிக்கிழமை, மரம் வெட்டுகிறவர்கள் அந்தக் காலத்தில் போட்ட பாதையில் மலைமேட்டைத் தாண்டி மறுபக்கம் நடந்து போய்வந்திருந்தார். மூன்று மைல். மறுபக்கத்துத் தேவாலயம் வரை ரோடு திறந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆம்புலன்ஸ் வந்து நிற்கும், ஆனால் இந்தப் பக்கம் யாரும் வர முடியாது, ஹெலிகாப்டர் இறங்க இடமில்லை, திங்கட்கிழமை பார்க்கலாம் என்று அங்கிருந்த தீயணைப்பு வீரர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

டேல் அதைக் கேட்டுவிட்டு எழுந்தார். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தார். தண்ணீர் வராது என்று அவருக்குத் தெரியும். மூடிவிட்டு மறுபடி திறந்தார்.

"திங்கட்கிழமைவரை இருப்பேன்" என்றார் ரூத். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மூச்சு வாங்கினார். அவருடைய உதடுகளைப் பார்த்தேன். ஓரம் லேசாக நீலம். தினமும் இருபது முப்பது பேரின் கையைப் பிடித்து ரத்தம் எடுக்கிறவள் நான். அந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

"டோலியில் தூக்கிக்கொண்டு போய்விடலாம்" என்றேன்.

டேலின் முகம் மலர்ந்தது. "இருக்கிறதே! என்னிடம் இருக்கிறது!" என்று கொட்டகைக்கு ஓடினார். இந்த வயதில் இப்படி ஓடுகிறாரே என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, குளிர்சாதனப் பெட்டியைச் சாய்த்துத் தள்ளிக்கொண்டு போகிற இரண்டு சக்கர வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். இங்கே அதற்குப் பெயர் டோலி.

"இது இல்லை" என்றேன். "சக்கரம் கிடையாது."

"சக்கரமில்லாத டோலியா?"

அந்த இடத்தில், அந்த நிலைமையில், ரூத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க ஐந்து நிமிஷமாயிற்று. அதற்குப் பிறகு யாரும் தாமதிக்கவில்லை.

4

விருந்தாளிகள் வந்தால் விரிக்கவென்று ஊரிலிருந்து ஒரு ஜமுக்காளம் கொண்டுவந்திருந்தேன். பட்டைக் கோடு போட்டது, நல்ல கனம். வீட்டுக்கு யாராவது வந்தால் அதை எடுக்காதே என்று கயல் கண்ணைக் காட்டுவாள். அவளுக்குக் கூச்சம். அன்றைக்கு அவள்தான் பரண் ஏறி அதை இழுத்துப் போட்டாள். கோடி தன் தோட்டத்தில் சாய்ந்து கிடந்த மரங்களில் நேரான ஒன்றைப் பார்த்து வெட்டி, கிளை கழித்துக் கொண்டுவந்தார். டேல் அந்தக் கம்பைத் தடவிப் பார்த்து, முடிச்சு இருந்த இடங்களை இழைப்புளியால் சீவினார். மர வேலைக்காரர் அல்லவா, தோளில் சிராய்க்கக் கூடாது என்று பார்த்தார்.

முடிச்சு எப்படிப் போடுவது என்று எனக்குப் பாதிதான் ஞாபகம். ஜமுக்காளத்தின் இரண்டு முனையையும் கொசுவிக் கட்டி, கயிறு கம்பிலிருந்து நழுவாமல் இருக்க ஒரு வெட்டு வெட்ட வேண்டும் என்று தெரியும். மிச்சத்தை முருகேசன் தன் தொழிற்சாலை அனுபவத்தில் சரிசெய்தார். முதலில் கயலைப் படுக்கவைத்துத் தூக்கிப் பார்த்தோம். தாங்கியது.

தூக்கியவர்கள் முன்னால் முருகேசனும் கோடியும், பின்னால் கயலும் ஜேனட்டும். ஜேனட் தெருக்கோடியில் இருப்பவர், தபால் கொடுக்கிறவர், ஐம்பது வயதிலும் கால் உறுதி. டேல் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ரூத்தின் தலைமாட்டில் நடந்தார். வேறு யாரிடமும் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். நான் இன்னொரு பக்கம், உதட்டையும் சிலிண்டரின் முள்ளையும் பார்த்துக்கொண்டு.

கிளம்பும்போது ரூத் கேட்டார்: "டேல், அடுப்பை அணைத்தீர்களா?"

சாதாரண நாளில் ஒன்றரை மணி நேரத்தில் நடக்கிற பாதை அது. அன்றைக்கு மரங்கள் குறுக்கே விழுந்து கிடந்தன. சிலவற்றுக்குக் கீழே குனிந்து, சிலவற்றுக்கு மேலே ஏற்றி, சில இடத்தில் டோலியை இறக்கிவைத்துக் கோடி ரம்பம் பிடித்து, பிறகு மறுபடி தூக்கி. கொஞ்ச தூரத்திலேயே நால்வரின் காலும் வெவ்வேறு தாளத்தில் விழுந்து டோலி ஊஞ்சல் மாதிரி ஆட ஆரம்பித்தது. ரூத்தின் முகம் வெளுத்தது. என் வாயில் தானாக வந்தது: "பதுக்கெ! பதுக்கெ!"

"என்ன?" என்றார் கோடி.

"மெதுவாக என்று அர்த்தம்."

"அதற்கேற்பக் கால் எடுத்து வைக்க நன்றாக இருக்கிறது" என்றார். "விடாமல் சொல்லுங்கள்."

சொன்னேன். ப-துக்-கெ. ஒரு எட்டு. ப-துக்-கெ. இன்னொரு எட்டு. கொஞ்ச நேரத்தில் ஜேனட்டும் சேர்ந்துகொண்டார். கயல் பின்னாலிருந்து கத்தினாள்: "அம்மா, இது தமிழா?"

"மலையாளம்" என்றேன்.

"சீரியஸா?" என்றாள். அந்த மூச்சிரைப்பிலும் அவள் தலையில் அடித்துக்கொள்ளப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. கை கம்பில் இருந்ததால் முடியவில்லை.

மேட்டைத் தாண்டி இறங்கும் இடத்தில் மலை உரிந்திருந்தது. பாதை இருந்த இடத்தில் செம்மண் சேறு, நாற்பது அடி அகலத்துக்கு, மேலேயிருந்து கீழே ஓடைவரை. சுற்றிப் போக வழியில்லை. கோடி இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு முதலில் தான் மட்டும் தாண்டி, மறுபக்கம் ஒரு மரத்தில் அதைக் கட்டிவிட்டு வந்தார். பாதி சிலிண்டர் முடிந்து முழு சிலிண்டருக்கு மாற்றி வெகுநேரமாகியிருந்தது. முள் சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரல்கடை மேலே நின்றது.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கினோம். நடுவில் கயலின் வலது கால் முழங்கால்வரை உள்ளே போனது. அவள் சாய்ந்தாள். கம்பு அவள் தோளிலிருந்து நழுவி மேல்கையில் உரசி இறங்கியது. தோல் பெயர்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் அவள் விடவில்லை. இரண்டு கையாலும் கம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முழங்காலிலேயே நின்றாள். மற்ற மூவரும் அசையாமல் நின்றார்கள். எனக்கு வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்த அந்த ஒரு சொல்கூட வரவில்லை.

கயல்தான் சொன்னாள். "பதுக்கெ" என்று, பல்லைக் கடித்துக்கொண்டு, தனக்குத் தானே சொல்லிக்கொள்வதுபோல. காலை உருவினாள். எழுந்தாள். கம்பை மறுதோளுக்குக் கொண்டுவந்தாள். நடந்தோம்.

தேவாலயத்தின் கூரை தெரிகிறபோது முள் சிவப்பில் படுத்துவிட்டது. டேல் முள்ளைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு ரூத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்தார். அதே நேரம் கீழேயிருந்து ரம்பச் சத்தம் கேட்டது. தீயணைப்பு வீரர்கள் மரங்களை அறுத்துக்கொண்டு எங்கள் பாதையில் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். கோடி தன் தொண்டை கிழியக் கத்தினார். அவர்களில் ஒரு பெண் புதுச் சிலிண்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடிவந்தாள்.

கிளம்பி ஏழு மணி நேரம் ஆகியிருந்தது. ரூத்தின் உதட்டில் நிறம் திரும்பும்வரை நான் உட்காரவில்லை. திரும்பியதும் அங்கேயே சேற்றில் உட்கார்ந்து அழுதேன். கோடி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என்ன சொல்வதென்று தெரியாமல் தன் பையிலிருந்து ஒரு கடலை மிட்டாய் மாதிரி ஒன்றை எடுத்து, பாதியைப் பிட்டு என்னிடம் கொடுத்தார்.

5

தண்ணீரும் கரண்டும் திரும்ப ஐந்து வாரம் ஆயிற்று. எங்கள் வீடு நின்றது. கீழ்த்தளத்தில் மட்டும் இடுப்பளவு சேறு. எங்கள் தெருவில் எல்லோரும் பிழைத்தோம். மற்ற பள்ளங்களில் அப்படி இல்லை. என்னிடம் மாதாமாதம் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வருகிற இரண்டு பேர் இப்போது வருவதில்லை. வெள்ளத்தைப் பற்றி நல்லதாக ஏதாவது எழுத வரும்போதெல்லாம் அவர்கள் ஞாபகம் வந்து கையைப் பிடிக்கிறது.

நிவாரணத்துக்கு விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. என் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர். இங்கே இரண்டு பெயர் இல்லாதவர்களுக்கு முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று எழுத்துப் போட்டுவிடுவார்கள், முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. ஆகவே அந்த அலுவலகத்துக் கடிதங்களெல்லாம் "அன்புள்ள ஃப்னு" என்றுதான் ஆரம்பிக்கும். விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: இருப்பிடத்தைவிட்டு எப்படி வெளியேறினீர்கள்? கார், படகு, ஹெலிகாப்டர், நடை, மற்றவை. நடை என்று போட்டிருக்கலாம். நான் நேர்மையாக, மற்றவை என்ற இடத்தில், நோயாளி ஒருவரை டோலியில் தூக்கிக்கொண்டு என்று எழுதினேன். இரண்டு வாரம் கழித்துப் போன் வந்தது. "மேடம், நோயாளியைக் கை வண்டியில் வைத்தா தள்ளினீர்கள்?" விளக்கி முடிக்க அரை மணி நேரம். கடைசியில் அந்தப் பெண், "எங்கள் பட்டியலில் அதற்கு எண் இல்லை. நடை என்றே வைத்துக்கொள்ளட்டுமா?" என்றாள். வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

அண்ணனோடு பேச முடிந்தது ஆறாம் நாள்தான். தேவாலயத்துக்கு எதிரே ஒரு வண்டியில் போன் கோபுரம் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். முதல் மணி அடித்து முடிவதற்குள் அண்ணன் எடுத்தார்.

"தாயி, உசுரோட இருக்கியா?"

"இருக்கேன்ணே. எல்லாரும் இருக்கோம்."

அதற்குப் பிறகு மதினிதான் போனை வாங்கிப் பேசினார். ஆறு நாளும் அண்ணன் ஏலக்காய் ஏலத்துக்கும் போகவில்லை, தோட்டத்துக்கும் போகவில்லை. டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். ஐந்தாம் நாள் தேனிக்குப் போய், மனு வாங்குகிற இடத்தில் வரிசையில் நின்று, அமெரிக்காவில் வெள்ளத்தில் மாட்டிய தங்கச்சியைக் கண்டுபிடித்துத் தர வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். வாங்கியவர், "இது எந்தத் தாலுகாண்ணே?" என்று கேட்டாராம். கேட்டுவிட்டு அண்ணன் முகத்தைப் பார்த்து, மறு பேச்சுப் பேசாமல் முத்திரை குத்தி, எண் போட்ட ரசீதும் கொடுத்து, குடிக்கத் தண்ணீரும் கொடுத்திருக்கிறார். அந்த ரசீதை அண்ணன் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார். மனு போட்ட மறுநாளே நடவடிக்கை எடுத்தாங்க பாரு என்று எல்லோரிடமும் சொல்கிறார்.

அந்த மாதத்தில் அவர் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான். "வந்துருங்களேன். இங்க இல்லாத எடமா?" முருகேசனுக்கும் ஆசை இருந்தது. சமவெளியில் வேறு ஊருக்கு மாற்றித் தருகிறோம் என்று தொழிற்சாலையிலும் சொன்னார்கள். ஒரு வாரம் யோசித்தோம். ஒருநாள் காலை, கீழ்த்தளத்துச் சேற்றை நாங்கள் மண்வெட்டியால் அள்ளிக்கொண்டிருந்தபோது கோடி தன் மண்வெட்டியோடு வந்து, கேட்காமலேயே மறுமூலையில் அள்ள ஆரம்பித்தார். மத்தியானத்துக்கு ஜேனட் வந்தார். மூன்று நாள் அள்ளினார்கள். போவதைப் பற்றி அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பேச்சு எழவில்லை.

கயல் தமிழ் பேச ஆரம்பித்துவிட்டாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். இல்லை. இப்போதும் அறைக் கதவு சாத்தித்தான் இருக்கிறது, இப்போதும் நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில். அடுத்த ஆடியில் வெளியூர்க் கல்லூரிக்குப் போகிறாள், மருத்துவ உதவியாளர் படிப்பு. அவள் போன பிறகு இந்த வீடு எப்படியிருக்கும் என்று நினைக்காமலிருக்கப் பழகுகிறேன். ஆனால் மேல்கையில் விழுந்த அந்தத் தழும்பை மறைக்கிற மாதிரி அவள் உடுத்துவதில்லை. யாராவது கேட்டால் உட்காரவைத்து முழுக் கதையும் சொல்கிறாள். அதில் நான் உண்மையில் இருந்ததைவிடத் தைரியசாலியாக வருகிறேன்.

6

போன மாதம் எங்கள் தீயணைப்பு நிலையத் தலைவி வீட்டுக்கு வந்தார். வாரக்கடைசிகளில் கயல் அங்கே தொண்டராகப் போகிறாள், அவள்தான் சொல்லி அனுப்பியிருக்கிறாள். ஒரு வருஷம் நிறைவதையொட்டி அவர்கள் பயிற்சி வைக்கப் போகிறார்களாம். ரோடில்லாத பள்ளங்கள் இந்த மலையில் நிறைய. நோயாளிகளைத் தூக்க அவர்கள் வைத்திருக்கும் மடக்குக் கட்டில் ஒற்றையடிப் பாதையில் திரும்புவதில்லை. "உங்கள் டோலியைக் கட்டவும் தூக்கவும் எங்களுக்குச் சொல்லித் தருவீர்களா?" என்று கேட்டார்.

பாதி முடிச்சை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்லித் தருவது? அண்ணனைக் கூப்பிட்டேன்.

"என்னத்த, டோலியா?" என்றார். "இங்க மேக்காட்டு மலைச்சனம் டோலி வேணாம், ரோட்டக் குடுங்கன்னு மனு மேல மனு போட்டுக்கிட்டுத் திரியுறோம். போன வாரங்கூட ஒரு புள்ளத்தாச்சியத் தூக்கிட்டுத்தான் வந்தாங்க. நீ அங்கன போயி டோலி கட்டச் சொல்லிக் குடுக்குறியாக்கும்?"

"அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சுண்ணே?"

"ஆத்தாளும் புள்ளையும் சொகமா இருக்காக. பொம்பளப் புள்ள." ரோடு வேண்டும் என்று அவர் சொன்னது சரிதான். டோலி பெருமைப்படுகிற சாமான் இல்லை. வழி இல்லாதவர்கள் வைத்திருக்கிற வழி அது. எங்கள் மேட்டில் ரோடு வந்து, டோலி என்றால் என்ன என்று பிள்ளைகள் கேட்கிற நாள் வர வேண்டும். ஆனால் வழி எப்போது வேண்டுமானாலும் இல்லாமல் போகும், பணக்கார நாட்டிலும் போகும் என்பதை நான் பார்த்துவிட்டேன். இதை அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவரே, "இரு, நாளைக்குத் தோட்டத்துக்குப் போறேன். அங்கிட்டுருந்து படத்தோட கூப்புடுறேன்" என்றார்.

மறுநாள் வீடியோவில் வந்தார். ஏலச்செடிகளுக்கு நடுவே மதினி போனைப் பிடித்துக்கொள்ள, ஒரு கம்பளியை வைத்துப் படிப்படியாகக் கட்டிக் காட்டினார். நானும் கயலும் பார்த்தோம். முடிச்சு எனக்குச் சட்டென்று கைக்கு வந்தது. கயல் இரண்டு முறை திருப்பிக் காட்டச் சொன்னாள். அவள் ஆங்கிலத்தில் கேட்க, அண்ணன் தமிழில் சொல்ல, நடுவில் நான் எதுவும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. கயிறு இரண்டு பேருக்கும் புரிந்தது.

"முடிச்சு பெரிய காரியமில்ல" என்றார் அண்ணன். "தோளு மாத்துறதுதான் காரியம். ஒருத்தன் சோந்துட்டா, இறக்கி வைக்காம, நடையிலேயே இன்னொருத்தன் உள்ள பூந்துறணும். படுத்துக் கெடக்கிறவுகளுக்கு மாத்துனது தெரியப்புடாது. தெரிஞ்சா மாத்தத் தெரியலன்னு அர்த்தம்."

பயிற்சி போன சனிக்கிழமை காலை. பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். டேலும் ரூத்தும் வந்தார்கள். ரூத் கைப்பை அளவில் ஒரு புது ஆக்சிஜன் பெட்டியைத் தோளில் மாட்டியிருந்தார். நாற்காலி போட்டு முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, தான்தான் நிபுணர் என்பதுபோல எல்லோருக்கும் யோசனை சொன்னார். முடிச்சுப் போட்டுக் காட்டினேன். கயல் ஒவ்வொருவராகப் போய்ச் சரிபார்த்தாள். பிறகு தலைவி, "நோயாளியாக யார் படுக்கிறீர்கள்?" என்றார்.

"அம்மா" என்றாள் கயல்.

வேண்டாம் என்றேன். கனமாயிருப்பேன் என்றேன். நான் எப்போதும் பக்கத்தில் நடந்து வந்தவள், உள்ளே படுத்ததில்லை. கோடி ஜமுக்காளத்தின் ஓரத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ரூத், "பயப்படாதே, நன்றாகத்தான் இருக்கும்" என்றார். படுத்தேன்.

தூக்கினார்கள். நிலையத்துத் தளத்தில் ஒரு சுற்று. பிறகு தலைவி, சமதளத்தில் தூக்கி என்ன பிரயோசனம் என்று சொல்லி, பின்கதவைத் திறந்துவிட்டார். அங்கே நிஜமான மலைச்சரிவு. ஏறினார்கள். துணி என் இரண்டு பக்கமும் எழுந்து நின்றதால் மேலே மட்டும்தான் தெரிந்தது. இலைகள், அவற்றுக்கு மேலே வானம், ஓரத்தில் கம்பைப் பிடித்திருக்கிற விரல்கள். முன்னால் கயலின் குரல் கேட்டது. இடது, வலது, கல் இருக்கிறது, நில்லுங்கள், போகலாம். பெரிய ஆள் குரல். எங்கேயிருந்து இந்தக் குரல் வந்தது என்று யோசித்தேன். கீழே எத்தனை பேருடைய கால் சேற்றில் பதிந்து எழுகிறதோ, அது எதுவும் எனக்கு வந்து சேரவில்லை.

ஒரு பாறை மேட்டில் கொண்டுபோய் இறக்கினார்கள். எழுந்து உட்கார்ந்து பார்த்தேன். கிளம்பும்போது பின்னால் தூக்கியது கோடியும் ஜேனட்டும். இப்போது கம்புக்கு அடியில் நின்றது என் மருத்துவமனைக்கு ரத்தம் கொடுக்க வருகிற ஒரு பள்ளி ஆசிரியரும் எனக்குப் பெயர் தெரியாத ஒரு பெண்ணும். கோடி பத்தடி பின்னால் தண்ணீர் குடித்துக்கொண்டு வந்தார்.

"எப்ப மாத்துனீங்க?" என்று கயலைக் கேட்டேன்.

அவள் தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டே சிரித்தாள். தமிழில் சொன்னாள், கொஞ்சம் தடுக்கித் தடுக்கி:

"மூணு வாட்டி மாத்தினோம்மா. நீ கண்ண மூடிட்டே."